ஐம்பது புள்ளி மூன்று மூன்று

ஆகஸ்ட் 5, திங்கள்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் ஆண்டு பி பிரிவிலிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். சாப்பிட்ட கை காயுமுன் முப்பது பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பலகைக்கு முன்னால் பியூலா. போன மாதம் எங்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த தற்காலிக விரிவுரையாளர். இருபத்தாறு வயது இருக்கும். நாசரேத் பக்கம், இங்கே கோவில்பட்டியில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். கால்குலேட்டர் வகுப்பாம். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் கணக்கை எப்படிப் பிழையில்லாமல் அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறாளாம்.

எலக்ட்ரிக்கல் பிரிவில் எனக்கு இருபத்து மூன்று வருடம். சாப்பாட்டு நேரத்தில் எவனும் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தது கிடையாது. இதை வருத்தமாக எழுதவில்லை. தகவலாக எழுதுகிறேன்.

வீட்டு மோட்டாரில் கண்டென்சர் போய்விட்டது. மாற்றினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. பியூலா பேசுவது வராந்தா வரை கேட்டது.

"வகுத்தலுக்குக் கீழ இருக்குறவங்க எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்க. கதவைச் சாத்தாம விட்டீங்கன்னா ஒருத்தர் மட்டும் கீழ நிப்பாரு, மத்தவங்க மேல ஏறிப் போயிருவாங்க. அதனால மொத்தத்தையும் ஒரு பிராக்கெட்டுக்குள்ள போட்டுப் பூட்டுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். இது பாடமா, கதாகாலட்சேபமா என்று தெரியவில்லை.

நான் கால்குலேட்டர் தொட்டதில்லை. பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் மனதிலேயே போட்டுவிடுவேன். மூன்று இலக்கம் வரை பிசகாது. "பால்வண்ணன் சாருக்குத் தலையே கால்குலேட்டர்" என்று பழைய மாணவர்கள் இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் சொல்வார்கள். இப்போது இருப்பவர்கள் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பி பிரிவில் எனக்கு ஆய்வகம் பற்றி ஒரு மணி நேரம். உள்ளே போனால் பலகையை அழிக்காமல் விட்டிருக்கிறாள். நடுவில் பெரிய நட்சத்திரம் போட்டு, "எக்ஸ்ப் பொத்தானுக்குள்ளேயே 'பெருக்கல் பத்து' இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு பத்து போடாதீர்கள்" என்று எழுதியிருந்தது. என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாணவர்களிடமா கேட்பது? அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். முதல் வரிசையில் மாரீஸ்வரி என்று ஒரு பெண், "சார், அதை இன்னும் எழுதி முடிக்கல" என்றாள். முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றேன்.

இரவு சாப்பிடும்போது மனைவி கோமதியிடம் இதைச் சொன்னேன்.

"ஒரு வாரமா அந்தப் பிள்ளை பேச்சுதான் ஓடுது" என்றாள். "பொறாமையா?"

"எனக்கா? அது என் பொண்ணு வயசு."

"வயசுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்று ரசத்தை ஊற்றினாள்.

ஆகஸ்ட் 14, புதன்

என் ஏ பிரிவிலிருந்தும் ஆறு பேர் மதியம் அங்கே போகிறார்கள். பெயர்களைக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

திருநெல்வேலியில் கோமதியின் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும் நான் மட்டும் ஜங்ஷன் பக்கம் போய் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். அவள் வைத்திருக்கும் அதே வகை. உள்ளூர்க் கடையில் வாங்கினால் நாலு மாணவர்களாவது பார்ப்பார்கள். பஸ்ஸில் கோமதி பையைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஏ பிரிவில் கால்குலேட்டரை வெளியே எடுத்தேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. "இது ஒரு பெரிய வித்தையெல்லாம் இல்ல" என்றேன். பத்து மைக்ரோ ஃபாரட் என்றால் பத்து பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு. புத்தகத்தில் எழுதியிருப்பதை இடமிருந்து வலமாக அப்படியே அழுத்தினால் தீர்ந்தது: பத்து, பெருக்கல், பத்து, எக்ஸ்ப், மைனஸ் ஆறு. எல்லாரையும் கூடவே அழுத்தச் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவன், "சார், எனக்கு வேற வருது" என்றான். குறித்து வைத்த ஆறு பேரில் ஒருவன்.

"திரும்ப அழுத்து."

"நான் எக்ஸ்புக்கு முன்னாடி..."

"நான் சொன்ன மாதிரி அழுத்து."

அழுத்தினான். சரியாக வந்துவிட்டது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டாவது அகத்தேர்வுக்கு இரு பிரிவுக்கும் சேர்த்து வினாத்தாள் நான்தான் எடுக்கிறேன். திருத்துவதும் நான்தான். ஐந்து கணக்கு, ஐம்பது மதிப்பெண். விடைக்குறிப்பு முழுவதையும் கால்குலேட்டரிலேயே போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான்காவது கணக்கு, பாயின்ட் ஒன்று ஹென்றியும் பத்து மைக்ரோ ஃபாரடும் உள்ள ஒரு மின்சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண். 50.33 என்று வந்தது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரமே ஐம்பதுதானே; பார்த்ததும் மனதுக்கு நிறைவாக இருந்தது. மனக்கணக்காக ஒருமுறை சரிபார்க்கலாமா என்று நினைத்தேன். பிறகு எதற்குக் கருவி வாங்கினேன்?

ஆகஸ்ட் 29, வியாழன்

தேர்வு நடந்தது. பல்வலி.

செப்டம்பர் 2, திங்கள்

எல்லாத் தாள்களையும் திருத்தி முடித்தேன். பி பிரிவில் நான்காவது கணக்குக்கு ஏறக்குறைய எல்லாரும் 159.15 என்று எழுதியிருக்கிறார்கள். மைக்ரோ வரும் மற்ற இரண்டு கணக்கிலும் இதே கதை. என் ஏ பிரிவில் நாற்பது பேருக்குச் சரி, ஆறு பேருக்குத் தவறு. அந்த ஆறு பேர்தான்.

வழக்கமாக வழிமுறை சரியாக இருந்தால் பத்துக்கு ஏழு போடுவேன். இந்த முறை விடைக்குத்தான் மதிப்பெண் என்று முடிவு செய்தேன். கண்டிப்பு வேண்டியிருக்கிறது. தவறான விடைக்கு இரண்டு.

பி பிரிவின் சராசரி இருபத்தொன்று. ஏ பிரிவு முப்பத்தேழு. வெகு நாள் கழித்து இன்று நன்றாகத் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

துறைத்தலைவர் அழகர்சாமியிடம் பட்டியலைக் கொடுத்தேன்.

"என்ன பாலு சார், ஒரே கேள்வித்தாள். இங்க இருபத்தொண்ணு, அங்க முப்பத்தேழு?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். மார்க்கை மட்டும் காட்டுறேன்."

"கால்குலேட்டர் கிளாஸ்னு சொல்லிப் பிள்ளைங்களைக் குழப்பிவிட்டுட்டாங்களோ?"

"இருக்கலாம்."

இவ்வளவுதான் பேசினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

செப்டம்பர் 4, புதன்

காலையில் ஆசிரியர் அறைக்குப் பியூலா வந்தாள்.

"சார், ஆன்சர் கீயை ஒரு தடவை பாக்கலாமா? நாலாவது கணக்குல பிள்ளைங்க எல்லாருக்கும் நூத்தி ஐம்பத்தொன்பது வந்திருக்கு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பாச் சொல்லிக்குடுத்தா எல்லாருக்கும் ஒண்ணுதான் வரும்."

"நானும் போட்டுப் பார்த்தேன் சார்."

"நீங்க சொல்லிக்குடுத்ததை நீங்க போட்டா வேற என்னம்மா வரும்? நான் இருபத்து மூணு வருஷமா கீ போடுறேன்."

"சரி சார்" என்று போய்விட்டாள்.

அவள் போனதும் கால்குலேட்டரை எடுத்து மறுபடி அழுத்தினேன். பத்து, பெருக்கல், பத்து, எக்ஸ்ப், மைனஸ் ஆறு. 50.33. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதேதான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். எனக்கு ஒரு பேனா. அழகர்சாமிக்கு ஒரு பேனா. பியூலாவுக்கு, அட்டையில் கால்குலேட்டர் மாதிரி வெட்டி, ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு மாணவன் பெயர் எழுதிய வாழ்த்து. அறுபது பொத்தான் இருக்கும். பி பிரிவில் நாற்பத்தைந்து பேர்தான். மிச்சப் பெயர்கள் யாருடையவை என்று படித்துப் பார்த்தேன். என் பிரிவுப் பிள்ளைகள். ஆறு பேர் இல்லை, பதினைந்து பேர்.

பேனா எழுதவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

அழகர்சாமி கூப்பிட்டுச் சொன்னார். பியூலா அவரிடம் போய், விடைக்குறிப்பு தவறு என்றாளாம்.

"வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகல, சீனியர் மேல குத்தம் சொல்லுது. நான் காதுலயே வாங்கல. இந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்க வேண்டாம்னு பிரின்ஸ்பால்ட்ட சொல்லிடுறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பது சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கோமதி கொழுக்கட்டை செய்தாள். பூரணம் அருமை. பியூலா போகப்போகும் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்குச் சந்தோஷமா?" என்றாள். வேலையில் இதெல்லாம் சகஜம் என்றேன். நான் கேட்டது அது இல்லையே என்றாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். மாரீஸ்வரி நின்றிருந்தாள். பி பிரிவில் பலகையை எழுதி முடிக்கவில்லை என்று சொன்ன அதே பெண்.

"சார், ஒரு டவுட். கால்குலேட்டர் இல்லாம மனக்கணக்காச் சொல்லணும். நீங்கதான் டக்குனு சொல்லுவீங்கன்னு சொன்னாங்க."

"கேளு."

"பாயின்ட் ஒண்ணையும் பத்து மைக்ரோவையும் பெருக்கினா?"

"பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு."

"அதுக்கு வர்க்கமூலம்?"

"மைனஸ் மூணு. ஆயிரத்துல ஒண்ணு."

"அதை ரெண்டு பையால பெருக்கி, ஒண்ணை அதால வகுத்தா?"

"ஆயிரத்தை ஆறு புள்ளி இரண்டு எட்டால வகுக்கணும். நூத்தி ஐம்பத்து..."

நிறுத்திக்கொண்டேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "தேங்க்ஸ் சார்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

கேஸ் புக் செய்தேன். வெள்ளிக்கிழமை வருமாம்.

செப்டம்பர் 11, புதன்

தலைவலி. விடுப்பு.

செப்டம்பர் 12, வியாழன்

கல்லூரி போனேன். வகுப்பு எடுத்தேன். வந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

கேஸ் வந்தது.

"நாலு நாளா அந்தப் பிள்ளை பேச்சையே காணோம்?" என்றாள் கோமதி.

"என்ன பேச?"

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எக்ஸ்ப் என்ற பொத்தானை அழுத்தினாலே 'பெருக்கல் பத்தின் அடுக்கு' என்று அர்த்தம். பத்து மைக்ரோ என்றால் பத்து, எக்ஸ்ப், மைனஸ் ஆறு. அவ்வளவுதான். நான் நடுவில் இன்னொரு 'பெருக்கல் பத்து' போட்டேன். அது பத்து மடங்காகிவிட்டது. சரியான விடை 159.15. மனதில் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் வந்திருக்கும். இருபத்து மூன்று வருடமாக மனதில்தான் போட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கூட்டம் சேர்ந்தது பொறுக்காமல்தான் இந்தக் கருவியைக் கையில் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டர் பக்கத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மத்தியானம் கோமதியிடம் முழுவதையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு வேற வேலை எதுவும் கிடைச்சிருக்கா?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"இல்ல."

அவள் துணி மடித்து முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

முதல் மணி அடிக்குமுன் அழகர்சாமியிடம் போனேன். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மார்க் எல்லாம் ஏத்தியாச்சு சார். அந்தப் பொண்ணு எப்படியும் இந்த மாசத்தோட போகுது. இனிமே இதைக் கிளறி நீங்க ஏன் பேரைக் கெடுத்துக்கிறீங்க? மனுசன்னா ஒரு தப்பு வராதா?"

அவர் சொன்னது எனக்கு இதமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். படியிறங்கும்போது விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஆய்வகத்தைத் தாண்டித்தான் என் வகுப்புக்குப் போக வேண்டும். உள்ளே பியூலா தனியாக மீட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் அட்டைப்பெட்டி ஒன்று. சொந்தப் புத்தகங்களை அதில் எடுத்து வைத்திருந்தார்.

"விடைக்குறிப்பு தப்பும்மா. உங்க பிள்ளைங்க போட்டதுதான் சரி."

அவர் கையிலிருந்த மீட்டரை வைத்துவிட்டுக் கேட்டார்: "எப்ப தெரிஞ்சுது சார்?"

அவர் இதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"போன செவ்வாய்."

விரல் விட்டு எண்ணினார். "ஆறு நாள். வியாழக்கிழமை எங்க அம்மாட்ட போன்ல சொன்னேன், இந்த வேலையும் போகுதுன்னு. இதோட மூணாவது காலேஜ் சார். முதல் ரெண்டையும் மூடிட்டாங்க. இது ஒண்ணுதான் என்னால போகுதுன்னு அம்மா நினைச்சுட்டாங்க. அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிள்ளைங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

தலையை ஆட்டினார். மீட்டர்களை அடுக்கப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை என்பது வகுப்புக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "சரி சார்" என்றார்.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு பிரிவையும் கருத்தரங்க அறையில் உட்கார வைத்தேன். பலகையில் இரண்டு வரி எழுதினேன். நான் அழுத்தியது ஒன்று, அழுத்த வேண்டியது ஒன்று. எங்கே தவறினேன் என்று வட்டம் போட்டுக் காட்டினேன். பி பிரிவு எழுதியதே சரி என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன், கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஏ பிரிவில் கருத்தப்பாண்டி எழுந்தான். என் வகுப்பை ஒரு நாளும் தவறவிடாதவன். பியூலாவின் வகுப்புக்குப் போகாதவன். "சார், நீங்க அழுத்தச் சொன்ன மாதிரிதானே அழுத்துனேன்? இப்ப என் மார்க் குறையுமா?"

"ஆமா. நான் சொன்ன மாதிரிதான் அழுத்துன. தப்பு என்னோடது. வழிமுறைக்கு உண்டான மார்க் உனக்கு வரும். விடைக்கு உண்டான மூணு வராது."

"அப்ப உங்ககூடவே இருந்ததுக்கு நான்தான் கட்டணுமா சார்?"

உட்காரு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவனே உட்கார்ந்துவிட்டான்.

செப்டம்பர் 19, வியாழன்

தொண்ணூற்றொரு தாளையும் மறுபடி திருத்தினேன். மனதிலேயே போட்டு, பிறகு கால்குலேட்டரிலும் போட்டு. பி பிரிவு நாற்பத்து மூன்று. ஏ பிரிவு முப்பத்திரண்டு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதல்வருக்கு நானே கடிதம் எழுதினேன். விடைக்குறிப்பில் பிழை என்னுடையது, பியூலாவின் வகுப்பைப் பற்றி நான் சொன்னது தவறு என்று. அழகர்சாமி படித்துவிட்டு, "இவ்வளவு விவரமா எழுதணுமா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

பியூலாவின் ஒப்பந்தத்தை ஏப்ரல் வரை நீட்டிவிட்டார்கள். நல்லது.

மாலையில் அழகர்சாமி கூப்பிட்டார். என் கடிதத்தைப் படித்த முதல்வருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. எல்லாத் துறை முதலாமாண்டு மாணவர்களுக்கும் கால்குலேட்டர் பயிற்சி வைக்க வேண்டுமாம்.

"ஒருங்கிணைப்பாளர்னு உங்க பேரைப் போட்டுடலாம். அந்தப் பொண்ணு உதவிக்கு இருக்கட்டும். சீனியர் ஒருத்தர் மேல இருந்தாத்தான் மத்த துறைக்காரங்க மதிப்பாங்க. உங்க பேருக்கும் ஒரு மரியாதை திரும்பி வந்த மாதிரி இருக்கும்."

எனக்கு வேண்டும் போலிருந்தது. ரொம்பவும் வேண்டும் போலிருந்தது.

"அவங்க பேரையே போடுங்க சார்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன். இப்பவே எழுதிக்குங்க."

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். நல்லது செய்தீர்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "காபி ஆறுது" என்றாள். இரண்டு பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கலாம் என்று படுக்கும் வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 25, புதன்

அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். நடுவில் தடித்த எழுத்தில்: பயிற்சி ஒருங்கிணைப்பாளர், செல்வி தா. பியூலா, எம்.இ. கீழே வேறு யார் பெயரும் இல்லை. எனக்கு முன்னால் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் 'வாழ்த்துகள்' என்றுகூட எழுதியிருந்தார். தாளைக் கொண்டுவந்தவர், "சார், மூணு தடவை படிச்சிட்டீங்க. இன்னும் சிவில் பக்கம் போகணும்" என்றார்.

வயிறு எரிந்தது. ஏழாவது இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.